யாருக்கு, எதற்குள், எந்தத் தாளோடு: வேலை, படிப்புச் செய்திகளைச் சேர்ப்பிக்கும் வழி

மன்னார்குடி பந்தலடிப் பக்கம் நான் ஜெராக்ஸ் கடை வைத்து 14 வருஷம் ஆகிறது. கடை வாசலில் மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு கரும்பலகை. காலையில் கடை திறந்ததும் வேலைவாய்ப்பு, பயிற்சி, உதவித்தொகை பற்றி அதில் எழுதுவேன். வடுவூர், கோட்டூர், எடமேலையூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எழுதியதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். உங்கள் தெருவிலோ, மகளிர் குழுவிலோ, படிப்பகத்திலோ இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். கைப்பேசிக்கு வந்த படத்தைப் பார்த்து வேலையின் பெயர், எத்தனை காலியிடம், கடைசி தேதி, இந்த மூன்றையும் பெரிதாக எழுதிவிடுவேன். அப்படி ஒருமுறை மத்திய அரசு வேலை ஒன்றை எழுதினேன். வடுவூர்த் தம்பி ஒருவன் பார்த்துவிட்டு விண்ணப்பித்தான். ஒரு வருஷம் உட்கார்ந்து படித்துத் தேர்வும் எழுதினான். சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நின்றுவிட்டான். அவனிடம் இருந்தது மாநில அரசுக்கான பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக, அவர்கள் கொடுத்த படிவத்தில், அவர்கள் சொன்ன தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அது இல்லாததால் அவனைப் பொதுப்பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். அந்த மதிப்பெண் போதவில்லை. அறிவிக்கையின் உள்ளே இதெல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தம்பி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "பலகையில ஒரு வரி எழுதியிருந்தா எடுத்திருப்பேன்க்கா" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மூல அறிவிக்கையை நானே திறந்து படிக்காமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன். யாருக்கு என்று தெரியாமல் எதையும் அனுப்பமாட்டேன்.

மூலத்துக்குப் போகும் வழி

தினமும் அரை மணி நேரம் போதும். நான் திறந்து பார்ப்பது ஆறு தளங்கள்: டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்), ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்), சென்னை ரயில்வே தேர்வு வாரியம், எங்கள் திருவாரூர் மாவட்டத் தளம். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்ட சுகாதாரத் துறையின் ஒப்பந்தப் பணி, குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணி போன்றவை மாவட்டத் தளத்தில்தான் வரும். அவகாசம் குறைவாக இருக்கும். பெரிய செய்தியாகவும் பேசப்படாது. செவிலியர் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கு நான் சேர்ப்பித்த செய்திகளில் பாதிக்கு மேல் அங்கே பார்த்தவை.

வாரம் ஒருமுறை மத்திய அரசு 1976 முதல் வெளியிட்டுவரும் எம்ப்ளாய்மென்ட் நியூஸ் இதழைப் புரட்டுவேன். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தையும் அதே நாளில் பார்த்துவிடுவேன். செய்தித்தாளும் யூடியூபும் மணியடிக்கிற மாதிரி. மணிச்சத்தம் கேட்டால் எழுந்து கோயிலுக்குப் போக வேண்டும். சத்தத்தையே தரிசனம் என்று ஊரில் சொல்லக்கூடாது.

டிஎன்பிஎஸ்சி ஒவ்வொரு வருஷத்துக்கும் முன்கூட்டியே ஓர் ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது. எந்தத் தேர்வுக்கான அறிவிக்கை எப்போது வரும், தேர்வு எப்போது என்று அதில் இருக்கும். அதை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அறிவிக்கை வந்த பிறகு சொல்வதைவிட, மூன்று மாதம் முன்னால் "இது வரப்போகிறது, தாள்களைத் தயார் செய்" என்று சொல்வதில்தான் பலன் அதிகம்.

கூகுளில் தேடுவதற்கும் ஒரு வழி உண்டு. வேலையின் பெயரை மட்டும் போட்டால் விளம்பர வருமானத்துக்காக நடத்தப்படும் தளங்கள் வரிசையாக முன்னால் வந்து நிற்கும். தேடும் சொல்லுக்குப் பிறகு இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் சைட் என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியே விடாமல் கவ் டாட் இன் என்று தட்டுங்கள். அரசுத் தளங்களில் உள்ளவை மட்டும் வரும். அதே மாதிரி ஃபைல்டைப், முக்காற்புள்ளி, பிடிஎஃப் என்று சேர்த்தால் அறிவிக்கையே நேராக வந்து நிற்கும். அறிவிக்கை எண் தெரிந்திருந்தால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அந்த எண் அப்படியே உள்ள பக்கங்கள் கிடைக்கும்.

தமிழில் தேடியும் கிடைக்கவில்லை என்றால், அறிவிக்கையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய அரசு ஆவணங்கள் பலவும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அத்தகைய ஆவணத்தை ஆங்கிலப் பெயரில் தேடிப் பிடித்து, வேண்டிய பத்தியை நகலெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டால் யூனிகோடாக மாறிவிடும். படமாக ஸ்கேன் செய்த தாள் என்றால் கைப்பேசியில் கூகுள் லென்ஸ் வைத்து எழுத்தை எடுக்கலாம். எடுத்த பிறகு எண்களை மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். 3ஐ 8 என்று எடுத்துவிடும்.

அறிவிக்கையை எங்கிருந்து படிப்பது

முப்பது நாற்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் நான்காம் பக்கத்தில் கண் சொக்கும். நான் படிக்கும் வரிசை வேறு.

முதலில் அறிவிக்கையின் எண்ணும் தேதியும். போன வருஷத்துத் தாள் இந்த வருஷம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவது வாடிக்கை. நாளும் மாதமும் இருக்கும், வருஷம் இருந்த இடத்தை வெட்டியிருப்பார்கள். அந்த எண் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து வயதும் கல்வித் தகுதியும் எந்த நாளை வைத்துக் கணக்கிடப்படுகின்றன என்று பாருங்கள். டிஎன்பிஎஸ்சியில் வயதுக்கு ஜூலை 1ஆம் தேதிதான் கணக்கு. கல்வித் தகுதியோ அறிவிக்கை வெளியான நாளில் கையில் இருக்க வேண்டும். கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். மத்திய அரசுத் தேர்வுகளில் இந்த நாள் வேறு மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் படித்ததை இன்னொன்றுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவதாகப் பார்ப்பது சான்றிதழ்ப் பட்டியல். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். விண்ணப்பம் போட அரை மணி நேரம் ஆகும். ஒரு சான்றிதழ் கைக்கு வர இருபது நாள்கூட ஆகும். அதனால் எந்தத் தாள் கிடைக்க அதிக நாள் பிடிக்குமோ, அதைத்தான் பலகையின் முதல் வரியில் எழுதுகிறேன். கடைசி தேதி அதற்குக் கீழே.

தமிழ்வழிச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை. 2020இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள வேலை என்றால் ஒன்று முதல் பத்து வரை. ஒரு பெண் ஐந்தாம் வகுப்பு வரை கோட்டூரில், எட்டு வரை அம்மா வீட்டு ஊரில், பத்தாம் வகுப்பு மன்னார்குடியில் படித்திருந்தால் மூன்று பள்ளியின் சான்றும் வாங்க வேண்டும். மே மாதம் என்றால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். சில பள்ளிகள் வேறொன்றோடு இணைக்கப்பட்டிருக்கும். பதிவேடு எங்கே இருக்கிறது என்று அலைய வேண்டும். இது பத்து நாளில் முடிகிற வேலை இல்லை. அதனால் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மாற்றுச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்தாலே, "பாப்பா, பள்ளிக்கூடத்துலயே தமிழ்வழிச் சான்றையும் கேட்டு வாங்கிடு" என்று சொல்லி அனுப்புகிறேன். படிவத்தையும் ஒன்று கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஓபிசி சான்றிதழுக்கும் இப்படித்தான். இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. பெற்றோர் வருமானத்தை வைத்து வசதிபெற்ற பிரிவா (கிரீமி லேயர்) என்று வேறு பார்ப்பார்கள். அதைக் கேட்டுத் தெளிந்த பிறகு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். பீரோவில் பத்திரமாக இருந்தாலும் காலாவதியாகியிருக்கும். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தேவைப்படும். எல்லோரும் ஒரே வாரத்தில் போய் நிற்பார்கள், அதனால் முன்னாலேயே எடுத்துக்கொள்வது நல்லது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கே மறந்துபோகிறது.

பிறகு பணம். யாருக்கு விலக்கு, யாருக்கு எத்தனை முறை இலவசம் என்று பார்த்து எழுதுங்கள். டிஎன்பிஎஸ்சியில் ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், 5 வருஷம் செல்லும். அதைக் கட்டினால் தேர்வுக் கட்டணமும் கட்டியாயிற்று என்று நினைத்து விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு.

மொழியையும் சொல்லுங்கள். மத்திய அரசுத் தேர்வு என்றாலே இந்தி, ஆங்கிலம்தான் என்று இன்னும் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ரயில்வே தேர்வுகளைத் தமிழில் எழுதலாம். எஸ்எஸ்சி நடத்தும், பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கான எம்டிஎஸ், பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கான சிஎச்எஸ்எல் தேர்வுகளையும் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடத்த 2023இல் முடிவானது. "தமிழில் எழுதலாம்" என்ற இரண்டு சொல்லைப் பலகையில் சேர்த்த பிறகு எம்டிஎஸ் பற்றிக் கேட்டு வந்தவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை அந்த வரியைத் தாண்டிப் போனவர்கள் அவர்கள்.

திருத்த அறிவிக்கை என்று ஒன்று பிறகு வரும். காலியிடம் கூடும், தேதி நீளும், தகுதியில்கூடச் சிறு மாற்றம் இருக்கும். எழுதிவிட்ட செய்தியை வாரம் ஒருமுறை மறுபடி மூலத்தில் பாருங்கள்.

பொய்யை வடிகட்டுவது

அரசுத் தளத்தின் முகவரி கவ் டாட் இன் அல்லது நிக் டாட் இன் என்று முடியும். முடிய வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நடுவில் கோடு போட்டு கவ் என்று நுழைத்துவிட்டு, கடைசியில் டாட் காம் என்றோ டாட் ஆர்க் என்றோ முடித்திருப்பார்கள். கைப்பேசித் திரையில் முகவரியின் முன்பாதிதான் தெரியும். விரலால் நகர்த்திக் கடைசிவரை பாருங்கள்.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். அரசு எந்தத் தேர்வுக் கட்டணத்தையும் ஒரு தனிமனிதரின் கூகுள் பே எண்ணுக்கு வாங்குவதில்லை. "நேர்முகத் தேர்வு உறுதி, பாதுகாப்பு வைப்புத்தொகை கட்டுங்கள்" என்று கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தால் வேறு எதுவும் பேசாமல் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி இருக்கிறது.

வெளிநாட்டு வேலை எங்கள் டெல்டாவில் பெரிய விஷயம். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அதனால் நம்பிக்கையும் சீக்கிரம் வந்துவிடும். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் சிக்கி, இணைய மோசடி வேலை செய்ய வற்புறுத்தப்பட்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்லும் எதையும் நான் பலகையில் ஏற்றுவதில்லை. யார் வந்து கேட்டாலும் சரி. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இந்தத் தொகையைப் பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு லட்சம், இரண்டு லட்சம் கேட்கப்பட்டு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து பேசியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைக்கென ஒரு நிறுவனம் நடத்துகிறது. அதன் அறிவிப்புகளையும் பாருங்கள்.

படிப்பும் பயிற்சியும்

வேலைச் செய்திக்கு உள்ள கூட்டம் பயிற்சிச் செய்திக்கு இருக்காது. ஆனாலும் எழுதுங்கள். டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பல ஆயிரம் கொடுத்துப் புத்தகக் கட்டு வாங்குவதற்கு முன்னால், ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் பாடநூல்கள் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்று சொல்லுங்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அந்த நூறுக்குப் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது. நானே சேர்த்துவிட்ட பிள்ளைகள் திருவாரூருக்குப் போய்வருகிறார்கள்.

கணினி கற்க ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே இருக்கிறது. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸின் பாடங்களை இரண்டிரண்டாகப் பார்த்து, பார்த்த உடனே செய்துபார்க்க வேண்டும். பொறியியல் பிள்ளைகளுக்கு ஐஐடிகளின் இணையப் பாடமான என்பிடெல். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். தட்டச்சர் வேலைக்கு ஆசைப்படுகிறவர்களிடம் தட்டச்சுத் தேர்ச்சியோடு அரசு நடத்தும் கணினித் தேர்வான ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேட்கப்படுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியார் கணினி மையம் தரும் பெயர்ப்பலகைச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகின்றன. 1982இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா அருகே உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சி இப்படி நாடெங்கும் பரவியது. தையல், ஏசி பழுது, கைப்பேசி பழுது, ஆடு வளர்ப்பு என்று பயிற்சி இலவசம்; சாப்பாடும் இலவசம். பயிற்சி முடித்த பிறகு வங்கிக் கடன் வாங்கவும் கைகொடுக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாதம் ஒருமுறை அவர்களைத் தொலைபேசியில் கேட்டு, அடுத்த வகுப்பு எது என்று எழுதிவிடுகிறேன்.

பலகையில் எழுதுவது

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அதே வருஷம் எங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். படிக்கிறவரைத் தேடிப் போன அந்த வண்டி ஓடிய பாதையில்தான் என் வாடிக்கையாளர்கள் இன்று பஸ்ஸில் வருகிறார்கள். எழுதும்போது அந்த விதி என் நினைவில் இருக்கும். பஸ் நிற்கும் இரண்டு நிமிஷத்தில் படித்துவிட முடிகிற மாதிரி எழுத வேண்டும்.

குரூப் 4 வந்தபோது நான் எழுதியது இப்படி:

இப்போதே வாங்குங்கள்: 1 முதல் 10 வரை தமிழ்வழிச் சான்று, படித்த ஒவ்வொரு பள்ளியிலும்
வேலை: குரூப் 4
யாருக்கு: பத்தாம் வகுப்பு தேறியவர், 18 வயது. விஏஓவுக்கு 21
கட்டணம்: 100 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு இல்லை. பிசி, எம்பிசிக்கு 3 முறை இலவசம்
கடைசி தேதி, நம் தேதி
பார்த்த இடம்: டிஎன்பிஎஸ்சி தளம், அறிவிக்கை எண், பார்த்த நாள்

நம் தேதி என்பது கடைசி தேதிக்கு ஒரு வாரம் முன்னால் நான் குறிக்கும் நாள். இரண்டையும் எழுதுவேன். கடைசி இரண்டு நாளில் தளம் திணறும், பணம் போய் நடுவில் நிற்கும். பார்த்த இடத்தையும் நாளையும் எழுதுவதில் எனக்கு இன்னொரு நிம்மதி உண்டு. நான் தவறாக எழுதியிருந்தால் யாராவது மூலத்தைப் பார்த்து வந்து சொல்வார்கள். சொல்லியும் இருக்கிறார்கள்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் முதலில் குழு வைத்திருந்தேன். இரண்டு வாரத்திலேயே ஒரு கல்லூரிப் பெண் வந்து, குழுவிலிருந்து எண் எடுத்து யாரோ இரவில் அழைக்கிறார்கள் என்றாள். அன்றே கலைத்துவிட்டேன். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போகும்; எண் வாங்கும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

நான் நான்கு பட்டியல் வைத்திருக்கிறேன்: பத்தாம் வகுப்பு, ஐடிஐ, பட்டம், செவிலியர். ஐடிஐ படித்த தம்பிக்கு சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பின் பழகுநர் செய்தி போனால் அன்றே வந்துவிடுவான். அவனுக்கே தினமும் இருபது செய்தி அனுப்பினால் இருபத்தோராவதைத் திறக்கமாட்டான். அது அவனுக்கானதாகவே இருந்தாலும். கைப்பேசியே பார்க்காத வீடுகளும் உண்டு. அவர்களுக்கு அந்தத் தெருவிலிருந்து வருகிற ஒருவரிடம், இன்னார் மகளுக்கு என்று பெயர் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். பார்வையில்லாத தம்பி ஒருவர் என் பட்டியலில் இருக்கிறார். அவருடைய கைப்பேசி எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும். படம் போனால் படம் என்று மட்டும் சொல்லும். அவர் சொல்லும்வரை எனக்கு இது தோன்றவே இல்லை. எழுத்தாக இருந்தால் மூன்று மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும் என்பது கூடுதல் லாபம்.

விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டும் விண்ணப்பதாரருடையதாகவே இருக்கட்டும். வேறொரு ஊரில் ஒரு கடையில் அவசரத்துக்குக் கடையின் மின்னஞ்சலைப் போட்டுவிட, கடை மூடிய பிறகு கடவுச்சொல்லை மாற்ற முடியாமல் ஒரு பெண் என்னிடம் வந்து அழுதாள். மின்னஞ்சல் இல்லாவிட்டால் கூடவே உட்கார்ந்து ஒன்று தொடங்கிக் கொடுங்கள்; பத்து நிமிஷம் ஆகும். ஆதார், சான்றிதழ் ஸ்கேன்களைக் கடை அடைக்கும்போது கணினியிலிருந்து அழித்துவிடுங்கள்.

போனவர் திரும்பி வந்து சொல்வது

கடையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. தேர்வுக்கோ பயிற்சிக்கோ போய்வந்தவர் யாரானாலும் ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, அங்கே என்ன நடந்தது என்று கேட்டு அதில் எழுதிக்கொள்வேன். எந்த அறிவிக்கையிலும் இல்லாத விஷயங்கள் அதில் இருக்கின்றன. பயிற்சிக்கு எத்தனை புகைப்படம் கேட்டார்கள், பெண்களுக்குத் தங்க இடம் எப்படி, சரிபார்ப்பில் எந்தத் தாளை அசலாகக் கேட்டார்கள், மையத்துக்கு எந்த பஸ்ஸில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி காலைத் தேர்வுக்கு 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. கோட்டூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்தும் கேட்டுக்கு வெளியே நின்ற பெண் சொன்னால்தான் அடுத்தவர் முதல் நாளே கிளம்புகிறார்.

வடுவூர்த் தம்பியின் ஓபிசி விஷயம்தான் அந்த நோட்டின் முதல் பக்கம். அவன் இப்போது தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் கடைக்கு வருவான். போன தடவை வந்தபோது வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கடைசி தேதி முடிந்த அன்று சாயங்காலம் அந்தச் செய்தியை ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். துடைத்த இடத்தில் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்து, அதே வேலை அடுத்து எப்போது வரும், அதற்கு எந்தத் தாள் வேண்டும் என்று ஒரு வரி எழுதுவேன். தவறவிட்டவர் மறுநாள் காலை வந்து பார்க்கும்போது அந்த வரி அங்கே இருக்கும்.